நலம் விசாரிக்க வந்தவர்கள்

வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உங்களையும் அப்படித்தான் உள்ளே கூப்பிட்டேன், டாக்டரம்மா. காபி ஆறுகிறது, குடியுங்கள். என் தங்கை ஆதிலட்சுமி போட்டது. நான் போட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகக் குடிக்கச் சொல்ல மாட்டேன். நாற்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் எனக்கு ஸ்டவ்வுக்குத் திரி மாற்றத் தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய நோயாளிகளைத் தேடி வந்த நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் வேலூரில் தலையில் ரத்தக்கட்டு எடுக்கப்பட்டவர்களில் என் தங்கை கணவனைவிட மோசமாக வந்தவர்கள்கூட இன்று பேசுகிறார்கள், நடக்கிறார்கள், ஒருவர் லாரியே ஓட்டுகிறார். ராஜமாணிக்கம் மட்டும் ஏன் கட்டிலோடு இருக்கிறான் என்று கேட்டீர்கள். மாத்திரை விட்டுப்போனதா, மறுபடி விழுந்தாரா, காய்ச்சல் வந்ததா என்று வரிசையாக விசாரித்துவிட்டு, கடைசியாக, "அடிபட்ட பிறகு முதல் ஆறு மாசம் வீட்டுல எப்படி இருந்துச்சு?" என்றீர்கள். இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நான் பத்திரிகைக்காரன். சரியான கேள்வி கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆதிலட்சுமி கிணற்றடியில் அவன் துணிகளைத் துவைக்கிறாள். வருவதற்கு நேரமாகும். சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகைக்காரன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சென்னை நாளிதழுக்குத் திருவண்ணாமலைப் பகுதி நேர நிருபர். நான் அனுப்பும் செய்திகள் மூன்று வகை: தீபத்துக்கு வந்த கூட்டம், நகராட்சிக் குழாயில் வராத தண்ணீர், கிணற்றில் விழுந்த மாடு. மாட்டைத்தான் போட்டார்கள். மிச்ச நேரத்தில் நூலகத்துக்கு வரும் ஆங்கில விஞ்ஞான இதழ்களைப் படித்து, அதில் எனக்குப் புரிந்த பாதியைத் தமிழில் எழுதி ஞாயிறு இணைப்புக்கு அனுப்புவேன். மூளையைப் பற்றி நாலு வாரம் எழுதியிருக்கிறேன். எனக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் மாப்பிள்ளைக்கு என்ன வருமானம் என்று கேட்டார்கள். மூன்று இடத்திலும் நான் மூளையைப் பற்றிப் பேசினேன். அதற்குமேல் யாரும் எனக்குப் பெண் பார்க்கவில்லை.

அப்பா அம்மா போன பிறகு இந்த அடி அண்ணாமலை வீட்டில் நானும் ஆதிலட்சுமியும்தான். ராஜமாணிக்கம் மின்வாரியத்தில் வயர்மேன். கல்யாணம் ஆனதும் இங்கேயே வந்துவிட்டான். எனக்கு அது வசதி. அவனுக்கு அவ்வளவு வசதியில்லை. 'வீட்டோட மாப்ள' என்ற பெயர் எங்கள் பக்கத்தில் ஒருவன் சட்டையில் ஒட்டினால் சலவைக்குப் போகாது. அவன் சிரித்தே சமாளித்தான். ஊரில் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் கீழே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்வான். மேலே கையும் கீழே வாயும் ஓயாது.

எழுபத்தொன்பதாம் வருடம் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. மேட்டூருக்கு மாற்றல், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். ஆதிலட்சுமி எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "தீபம் முடிஞ்சதும் கெளம்பறோம்ணா. ரெண்டு ரூமாம். கொழா வீட்டுக்குள்ளயே வருதாம்." ரொம்ப சந்தோஷம் என்றேன். இன்னொரு தோசை போட்டாள். அதைச் சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது: தீபத்துக்கு மறுநாள் காலை நான் எங்கே போய்ச் சாப்பிடுவேன்? இதை நீங்கள் வேடிக்கை என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழைத் தூறலில், வேங்கிக்கால் பக்கமிருந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். ஓர் எருமை குறுக்கே வந்தது. தலை மைல்கல்லில் மோதியது. அந்த எருமைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாலு வரி செய்தி அனுப்பினேன், அவ்வளவுதான். மாடு இருந்ததால் போட்டார்கள்.

வேலூரில் ரத்தக்கட்டை எடுத்த டாக்டர் மலையாளி. தமிழ் கொஞ்சம்தான். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு வாரம் நான் எழுதிய விஷயத்தை ஒருவர் என்னிடமே நேரில் சொல்கிறார். அடிபட்ட மூளை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும், முதல் ஆறு மாதத்தில் திரும்புவதுதான் பெரும்பாலும் திரும்பும் என்றார். பயம், அவமானம், நெருக்கடி வந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும். சிறிது நேரம் சுரந்தால் அது நம்மைக் காப்பாற்றும். நாள் கணக்கில் சுரந்தால் அதே சுரப்பு பழுது பார்க்கும் வேலையை நிறுத்திவிடும். பேச்சும் வலது கையும் மெல்ல வரும், பொறுமையாக இருங்கள், சுற்றிலும் கூட்டம் வேண்டாம், யாரும் அவரைப் பரீட்சை பண்ண வேண்டாம் என்றார். எழுந்திருக்கும்போது, 'அவரைத் தோற்க வைக்காதீர்கள்' என்று ஒரு வாக்கியம் சொன்னார். தலைப்புப் போடத் தகுந்த வாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா சொல்றாரு?" என்றாள் ஆதிலட்சுமி. அவள் அஞ்சாவது வரை படித்தவள். நான் மொழிபெயர்த்தேன். எப்படி மொழிபெயர்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கார்த்திகை பிறந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த நாலைந்து நாளில் "தண்ணி" என்றான். அப்புறம் "லச்சுமி" என்றான். மின்வாரியத்தில் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். சித்திரைக்குள் தேறிவிட்டால் மேட்டூர் வேலை அவனுக்காகக் காத்திருக்கும். ஆதிலட்சுமி பாத்திரங்களைக் கட்டிவைத்த சாக்கைப் பிரிக்கவே இல்லை. தேவைப்பட்டபோது அதன் வாயிலிருந்து ஒரு தட்டை மட்டும் உருவிக்கொள்வாள்.

பிறகு உறவு வரத் தொடங்கியது. எங்கள் ஊர்களில் தலையில் அடிபட்டவனைப் போய்ப் பார்க்காதவன் பங்காளியே இல்லை. பார்க்கப் போகிறவன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சாத்துக்குடியும் கொண்டுபோவான். போனதும் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பான். முதலில் வந்தது ராஜமாணிக்கத்தின் பெரியப்பா மகன் அப்பாதுரை. மனைவி வெள்ளையம்மாளும் கூட வந்தாள்.

"டேய் மாணிக்கம், நான் யாரு? சொல்லு பாக்கலாம்."

அவனுக்குத் தெரிந்தது. கண்ணிலேயே தெரிந்தது. பெயர்தான் வரவில்லை. உதட்டைக் குவித்து, "அ... அ..." என்றான்.

"அமாவாசையா?" என்றார் அப்பாதுரை. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, தைரியம் கொடுக்கிற சிரிப்பு.

"சும்மா இருங்க, பயப்படப் போறாரு" என்று கணவனை அடக்கிவிட்டு, வெள்ளையம்மாள் கட்டில் பக்கத்தில் குனிந்தாள். "கொழுந்தனாரே, என்னை மறப்பீங்களா? எம் பேரச் சொல்லுங்க. வெ... வெ..."

"வெங்காயம்னு சொல்லிடப் போறான்டி."

மறுபடி சிரிப்பு. ராஜமாணிக்கத்தின் நெற்றி வியர்த்தது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"கரண்ட்டையே கையில புடிச்சவன், போயும் போயும் ஒரு எருமையாண்ட தோத்துட்டியேடா" என்றார் அப்பாதுரை.

"எமனோட வாகனமாச்சே, சும்மாவா" என்றாள் வெள்ளையம்மாள். பிறகு நிஜமான பரிவோடு, "வீட்டோட மாப்ளையா இருந்தது நல்லதாப் போச்சு. தனியா குடித்தனம் போயிருந்தா யாரு பாப்பாங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு இரண்டு நாள் "தண்ணி" வரவில்லை. ஆதிலட்சுமிக்கோ சந்தோஷம். "பாத்தியாண்ணா, அப்பாதுரை மாமாவப் பாத்ததும் பேசறதுக்கு எவ்ளோ முயற்சி பண்ணாரு." ஆமாம்மா என்றேன்.

ஒருவர் வந்தால் ஒன்பது பேருக்குச் செய்தி போகும். ஒன்று இரண்டு சொல்லச் சொன்னார்கள். விரலைக் காட்டி எத்தனை என்றார்கள். செங்கத்தில் இதேபோல் அடிபட்டுப் பதினெட்டாம் நாள் போனவரின் கதையை அவன் காதுபட முழுசாகச் சொன்னார்கள். 'பாவம், எப்படிப் பேசுவான்' என்று, இறந்தவனைச் சொல்வதுபோல் சொன்னார்கள். ஒவ்வொருவரும் நல்லவர். ஒவ்வொருவரும் ஒரு கேள்வித்தாள்.

தீபம் முடிந்த கையோடு அடைமழை. போளூர்ப் பக்கம் பாலம் ஒன்று முழுகியது, பஸ் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு சொந்தக்காரரும் வரவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மழைச் சத்தத்தில் அவன் பகலெல்லாம் தூங்கினான். முதலில் வலது கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஆதிலட்சுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போர்வை என்றான். ஒருநாள் காலை நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது. உடைந்த குரல், ஆனால் முழு வாக்கியம்.

"மேட்டூர்ல... மழையா?"

ஆதிலட்சுமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கல்லில் இருந்த தோசை தீய்ந்தது. நான் அதைத் திருப்பிப் போடவில்லை, எனக்குத் தெரியாது.

விஞ்ஞானம் எவ்வளவு துல்லியமானது என்று அன்றைக்கு வியந்தேன். அந்த மலையாளி டாக்டர் சொன்னதை மழை பரிசோதனை செய்து காட்டிவிட்டது. அதுவரை நடந்ததற்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லலாம். மழைக்குப் பிறகு நடந்ததற்கு நான் சமாதானம் தேடவில்லை, டாக்டரம்மா. நான் தேடியது சுக்கும் கொத்தமல்லி விதையும்.

எங்கள் வீடு மலை சுற்றும் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்கள் நடப்பார்கள். இன்றைய கூட்டம் அன்று இல்லை, ஆனாலும் எங்கள் இரு பக்கத்துச் சொந்தமே போதும். மார்கழிப் பௌர்ணமிக்கு வாசலில் ஒரு பந்தல் போட்டேன். பனிக்குச் சுக்குக் காபி, வெயில் ஏறியதும் மோர். இரண்டு பெஞ்சு. வெறுங்காலோடு நடந்து கல் குத்திய கால்களை நீட்டி உட்கார வசதியாக இருந்தது. காற்றோட்டத்துக்காக ராஜமாணிக்கத்தின் கட்டிலைக் கூடத்திலிருந்து வாசல் அறைக்கு மாற்றினேன். பெஞ்சில் உட்கார்ந்தால் நேரே அவன் முகம்.

மலை சுற்றும்போது நோயாளி ஒருவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசினால் புண்ணியம் இரட்டிப்பு என்று மார்கழியில் யாரிடமோ நான் சொன்னேன். தை மாதம் ஒரு பெரியவர் அதையே என்னிடம் சாஸ்திரம் என்று சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். 'மலை சுற்றும் பக்தர்களுக்குத் தாகசாந்தி' என்று பத்திரிகைக்கும் எழுதினேன். என் பெயரை நானே போடுவது முறையல்ல என்பதால் 'உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர்' என்று போட்டேன். மாடு இல்லாமல் பிரசுரமான என் முதல் செய்தி அது. பந்தலைப் பார்த்துவிட்டுப் போன ஊர்க்காரர்கள், மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். நான் அடக்கமாக இருந்தேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானம் தொடங்கினால் வரிசை ஓயாது. "என்னைத் தெரியுதா?" "என் பேரு சொல்லு." "நம்ம ஊர்ப் பேரு இன்னா?" முதலில் அவன் ஒவ்வொருவருக்கும் முயன்றான். பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படித் திருப்பினால் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்புவார்கள். மற்ற நாட்களில் கொஞ்சம் தேறுவான். தேறியதை அடுத்த பௌர்ணமி எடுத்துக்கொண்டு போகும். சந்திரனைக் கடிகாரமாக வைத்து ஒரு மனிதனைப் பின்னோக்கி ஓட்டிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எந்த இதழிலும் இதைப் பற்றிப் படித்ததில்லை.

இருந்தும் அவன் பிடிவாதக்காரன். பங்குனியில் இடது கையால் கட்டிங் பிளேயரைப் பிடித்துக் கம்பியை முறுக்கினான். ஆதிலட்சுமிதான் தினமும் பழக்கினாள். அந்தச் சமயத்தில் மின்வாரிய உதவிப் பொறியாளர் பலராமன் எனக்குச் சொல்லி அனுப்பினார். ஆளை நேரில் பார்த்து, வேலைக்குத் தகுதி உண்டா என்று அவர் எழுதியாக வேண்டும். ஏணியில் ஏற வேண்டாம், மேட்டூரில் ஸ்டோரில் உட்காருகிற வேலை தர ஏற்பாடு செய்கிறேன், எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டார். நல்ல மனிதர். பௌர்ணமி சாயங்காலம் வாருங்கள், அப்படியே சாமிக்கும் கும்பிட்டதாகும் என்றேன்.

வந்தார். வாசலில் முப்பது நாற்பது பேர், மோர்க் குவளையோடு. பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் எல்லோரும் அறையை அடைத்துக்கொண்டார்கள். ஆதிலட்சுமி அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டிருந்தாள்.

"மாணிக்கம், எப்படி இருக்கீங்க? இதக் கொஞ்சம் புடிங்க" என்று பலராமன் பிளேயரை நீட்டினார்.

"புடி மாப்ள, புடி."

"இந்தக் கையி இல்ல, அந்தக் கையால."

"சார் கேக்கறாரில்ல, பேரச் சொல்லுடா மொதல்ல."

"நேத்து நல்லா புடிச்சாரு சார்" என்றாள் ஆதிலட்சுமி. "நேத்து நல்லா புடிச்சாரு."

பிளேயர் கை மாறியது, நழுவியது, அவன் மடியில் விழுந்து தரைக்கு உருண்டது. அதை எடுக்கக் குனிந்த ஒருவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். வேட்டி நனைந்து, கட்டில் கயிற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஆதிலட்சுமி தன் முந்தானையை எடுத்து அவன் மடிமேல் போட்டாள். பலராமன் அவன் தோளைத் தட்டி, "ரெஸ்ட் எடுங்க" என்றார். போகும்போது மோர் குடிக்கவில்லை.

மறுநாள் காலை வலிப்பு வந்தது. மறுபடி வேலூர். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறது. மருத்துவக் காரணத்தால் ஓய்வு கொடுத்தார்கள். மேட்டூர் வீட்டுக்கு வேறொருவர் குடிபோனார். பாத்திரச் சாக்கை ஆதிலட்சுமி சித்திரையில் பிரித்து, எல்லாவற்றையும் என் அடுப்பங்கரைப் பரணில் பழைய இடத்தில் அடுக்கினாள்.

இப்போது அந்த மொழிபெயர்ப்பு. வேலூரில் அவள் கேட்டபோது நான் சொன்னது இது: "பயப்பட ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்ச முகத்த எவ்ளோ ஜாஸ்தி பாக்கறாரோ அவ்ளோ சீக்கிரம் ஞாபகம் திரும்பும்ன்றாரு. யாரு வந்தாலும் தடுக்காத. பேரு கேக்கச் சொல்லு, பேச வைக்கச் சொல்லு. அதான் மருந்தாம்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிடம் கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. வாய் சொல்லிவிட்டது. அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பாதிப் பேரை அழைத்து வந்தது பந்தல் இல்லை, அவள்தான். கலசபாக்கத்துக்கும் ஆரணிக்கும் பஸ் ஏறிப் போய், வாசல் வாசலாக நின்று, "ஒரு தடவ வந்து பேசிட்டுப் போங்க, அதான் அவருக்கு மருந்து" என்று கும்பிட்டாள். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகும்வரை நம்பிக்கையோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதும் சில நாள் சொல்வாள், "அவருக்குப் பாடம் நடத்துன வாத்தியார மட்டும் கூட்டியாந்திருந்தா பேசியிருப்பாருண்ணா. நாந்தான் விட்டுட்டேன்." விடும்மா, உன்மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொல்வேன். நான் அவளிடம் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

இதற்குச் சட்டத்தில் ஏதாவது பிரிவு உண்டா என்று ஒரு வக்கீலிடம், கதைக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். வந்தவருக்கு மோர் கொடுப்பது குற்றமாகாது என்றார். ஆதிலட்சுமியிடம் நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மேட்டூரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. இங்கே அண்ணன் இருக்கிறேன். எல்லாம் அவளுக்காகத்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். தோசைக்காக என்று சொன்னாலும் சிரிப்பீர்கள். இரண்டையும் நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டாவதுதான் கேட்க நன்றாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பந்தலை அந்த வருடமே எடுத்துவிட்டேன். சொந்தமும் அலுத்துப்போய் வருவதை விட்டுவிட்டது. இந்த வீட்டில் இப்போது குரல் உயர்த்துகிறவர் இல்லை, கேள்வி கேட்கிறவர் இல்லை. நான் மட்டும் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்காட்டுகிறேன். இவ்வளவு அமைதியிலும் ஒரு வார்த்தைகூடத் திரும்பவில்லையே. அப்படியானால் உங்கள் பெரிய டாக்டர் சொன்னது தவறாகவும் இருக்கலாம் அல்லவா? அவமானம், சுரப்பு என்பதெல்லாம் வெறும் ஊகமாக இருக்கலாம். அப்போது நான் செய்தது வெறும் தர்மமாகிவிடும்.

காலையில் நீங்கள் அவன் ரத்த அழுத்தம் பார்த்ததைக் கவனித்தேன். ஆதிலட்சுமி பக்கத்தில் இருந்தபோது பார்த்து, நன்றாக இருக்கிறது என்றீர்கள். பிறகு நான் வந்து அவன் தோளில் கைவைத்து நின்றேன். சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தீர்கள். என்னைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மூன்றாம் தடவையும் பார்த்தீர்கள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நானும் கொஞ்சம் படித்தவன். ஊரெல்லாம் மறந்துபோன மனிதனுக்கு, ஏழு வருடம் கழித்தும் என் கை பட்டால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மச்சான் மேல் அவ்வளவு பாசம், டாக்டரம்மா.